மூன்று தடவை திரும்பி வந்த தேநீர்

பெர்னிக்கெட்டி. இந்த இங்கிலீஷ் சொல்லை எந்தப் பள்ளிக்கூடத்திலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், அதை நடத்துகிற துரையின் பங்களாவில் சமையல் வேலை பார்த்த என் மாமாதான் சொல்லித் தந்தார். அம்மாவின் தம்பி. தொழிலாளர் லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவிலேயே இருந்தார். நெஞ்சுச் சளிக்காரர். மழையில் நனையாமல் அடுப்படியில் நிற்கிற வேலை கிடைத்ததே சாமி புண்ணியம் என்பாள் அம்மா.

துரையின் மனைவியைத் துரைசாணி என்போம். அவருக்கு எதிலும் நொட்டை. சுற்றிலும் தேயிலை, அந்த அம்மாவுக்கு மட்டும் ஒரு கோப்பைத் தேநீர் சரியாக அமையாது. சாயம் போதாது, சூடு போதாது, கோப்பையின் காது வலப்பக்கம் இல்லை. நொட்டைக்காரி என்பதற்கு விதவிதமான இங்கிலீஷ் சொல் சொல்லி, துரை சாப்பாட்டு மேசையில் அவரைக் கேலி செய்வாராம், அவரும் சிரிப்பாராம். அந்தச் சொற்களை மாமா பொறுக்கிவந்து வரிசைப்படுத்தியிருந்தார். தேநீர் ஒரு தடவை திரும்பி வந்தால் ஃபஸி. இரண்டு தடவை வந்தால் ஃபினிக்கி. மூன்றாவது தடவையும் வந்துவிட்டால் பெர்னிக்கெட்டி.

சாயங்காலம் அவர் வந்ததும் கேட்பேன். “மாமா, இன்னைக்கு என்னா?”

“பெர்னிக்கெட்டி தாயி, பெர்னிக்கெட்டி!” என்று காலை நீட்டுவார். அன்றைய அலுப்பெல்லாம் அந்த ஒரு சொல்லில் இறங்கிவிடும். அம்மாவும் சிரித்துவிடுவாள்.

ஒரு சனிக்கிழமை, மாமா மறந்துபோன மருந்துப் போத்தலைக் கொடுக்க பங்களாவுக்குப் போனேன். துரைசாணி அடுப்படிக்கு வந்தார். “இங்கிலீஷ் தெரியுமா?” என்று கேட்டார். யார் கேட்டாலும் தலைகுனிகிற பிள்ளை நான். அன்றைக்கென்று வாய் திறந்தேன். மூன்று சொல்லையும் சொன்னேன், எத்தனை தடவைக்கு எது என்பதோடு.

“யார் சொன்னது?”

“மாமாங்க.”

மாமா திரும்பவேயில்லை. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

“வெரி குட்,” என்று துரைசாணி என் கையில் இரண்டு பிஸ்கட் வைத்தார்.

திங்கட்கிழமை விடியற்காலை, பங்களாவுக்குப் போகாமல், மலை வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில் மாமாவும் நின்றார். கையில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி. சாயங்காலம் நனைந்து, இருமிக்கொண்டு வந்தார். அம்மா துணியை நீட்டினாள். என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “அடுத்த வார்த்தை என்னா மாமா?”

தலையைத் துவட்டிக்கொண்டே, “அவ்வளவுதான் தாயி. முடிஞ்சிருச்சு,” என்றார்.

நொட்டை சொல்கிறவர்களுக்கு இங்கிலீஷில் மூன்றே வார்த்தைதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.