கனவில் வந்தவனை அடித்தார், பல் உடைந்தது எனக்கு

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்து சாப்பிட்டதும், தாராவியில் எங்கள் வீட்டில் கணவர் தூங்கிவிட்டார். நானும் பக்கத்தில் படுத்தேன். பெரிதாகக் கேட்டுக்கொண்டிருந்த அவருடைய குறட்டை சட்டென்று நின்றது. அடுத்த நொடி அவர் முழங்கை என் வாயில் இடித்து முன்பல் உடைந்தது. கண்ணைத் திறக்காமலே என் கழுத்தைப் பிடித்து நெரித்தார். நான் திமிறி அலறிய பிறகுதான் விழித்தார்.

மாடியில் குடியிருக்கும் என் தம்பி ஓடி வந்தான். என் வாயில் ரத்தத்தைப் பார்த்ததும் அவரைச் சுவரோடு சாத்தி அடித்தான்.

"எங்க அக்கா மேலயா கை வக்கீரு?"

"ஒறங்கிட்டு கெடந்தேன் மாப்ள. ஒருத்தன் என் கழுத்த நெரிச்சான். அவனத்தான் அடிச்சேன்" என்று அவர் அழுதார்.

தம்பி நம்பவில்லை. "போலீஸ்ட்ட போவோம்க்கா" என்றான்.

"மொதல்ல டாக்டர்ட்ட போவோம்லே" என்றேன்.

ஆஸ்பத்திரியில் அவர் உடம்பில் ஒயர்களை ஒட்டித் தூங்க வைத்துச் சோதித்தார்கள். தூக்கத்தில் தொண்டை அடைத்து, மூச்சு திரும்பத் திரும்ப நின்றிருக்கிறது. அந்தத் திணறலில்தான் யாரோ கழுத்தை நெரிப்பதாகக் கனவு கண்டு அடித்திருக்கிறார். இப்படிக் கனவு கண்டு அடிப்பவர்களில் சிலருக்கு மூச்சுத்தடைதான் காரணம் என்று இப்போது கண்டறிய முடிகிறது என்றார் டாக்டர். தூங்கும்போது தொண்டை அடைக்காமல் மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தரும் மெஷினைத் தம்பியே சுமந்து வந்தான். அத்தான் முகத்தை மட்டும் அவனால் பார்க்க முடியவில்லை.

அதன்பின் அவர் தூக்கத்தில் கை ஓங்கியதில்லை. மதியம் சற்றுக் கண்ணயர்ந்தாலும் மாஸ்க்கை நானே மாட்டிவிடுகிறேன். "சும்மா சாஞ்சிருக்கேன்ட்டி" என்றாலும் விடுவதில்லை.