பவளத்தின் அமைதி

அது ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் டப்பா. மூடியைத் திருகினால் வெந்தயமும் வெல்லமும் கலந்தாற்போல் ஒரு வாசம் எழும். காலையில் அதிலிருந்து ஒரு கரண்டிப் பொடி எடுத்து, ஊறவைத்த கொள்ளோடும் தவிட்டோடும் பிசைந்து பவளத்துக்கு வைப்பேன். மிரளும் குதிரைகளின் படபடப்பைத் தணிக்கும் சத்துப்பொடி என்று அத்தான்தான் வாங்கிவந்து தருவார். என் அக்காவின் கணவர். ராஜபாளையத்தில் தீவனக் கடை வைத்திருந்தார். "கட்டி தட்டிப்போயிருந்துச்சு, நானே உடைச்சுக் கொட்டி வச்சிருக்கேன்" என்று ஒவ்வொரு முறையும் டப்பாவைத் திறந்தே தருவார். அந்த அக்கறையைப் பலரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

பெருமைப்படக் காரணமும் இருந்தது. கல்லூரியில் என்.சி.சி. குதிரைப் பிரிவில் சவாரி பழகிவிட்டு ஊர் திரும்பிய எனக்கு நூற்பாலை அலுவலகத்தில் வேலை கிடைத்தது. கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் குதிரைப் பேச்சுக்கு இடமில்லை. அப்பா ஒரு நாள் என் சவாரி பூட்ஸைத் தூக்கி வாசலில் எறிந்தபோது, அத்தான்தான் அதை எடுத்துத் தட்டித் துடைத்து உள்ளே கொண்டுவந்து வைத்தார். "மாமா, பொம்பளப்பிள்ள குதிர ஏறுனா என்ன கொறஞ்சு போச்சு? அவ ஏறட்டும். நான் பாத்துக்கிடுதேன்" என்றார். மலையடிவாரத்துத் தென்னந்தோப்பில் லாயம் போட்டு, பந்தயத்திலிருந்து கழித்துவிட்ட ஒரு செம்பழுப்புப் பெட்டையை வாங்கிக் கட்டியவரும் அவர்தான். நான்தான் அவளுக்குப் பவளம் என்று பெயர் வைத்தேன்.

பவளம் எல்லாவற்றுக்கும் பயந்தாள். தென்னை மட்டை விழுந்தால், காற்றில் ஒரு பாலிதீன் பை பறந்தால், நான் தும்மினால்கூட உடம்பெல்லாம் நடுங்கும். ஈவன்டிங் என்ற மூன்று சுற்றுக் குதிரைப் போட்டிக்கு அவளைப் பழக்க வேண்டும் என்பது என் ஆசை. முதலில் நடுவர்கள் முன் அடக்கமாக நடந்து காட்ட வேண்டும். பிறகு திறந்த வெளியில் மரக்கட்டைகளையும் நீர்க்குட்டைகளையும் தாண்டி ஓட வேண்டும். கடைசியில் மைதானத்தில் கம்புகளைத் தாண்ட வேண்டும். நிழலைத் தாண்டவே அஞ்சும் குதிரையிடம் இதைக் கேட்பது பேராசை என்று தெரிந்தும் வேலைக்கு முன்னும் பின்னும் அவளோடு கிடந்தேன்.

பொடி வந்த பிறகு பவளம் மாறினாள். முதலில் நடுக்கம் நின்றது. அப்புறம் மட்டை விழுந்தாலும் காதை மட்டும் திருப்பினாள். மழை பெய்து ஓடையில் தண்ணீர் வந்த ஒரு காலையில் அவளை அங்கே கூட்டிப்போனேன். தண்ணீரைக் கண்டாலே பின்வாங்குகிறவள், அன்று என் பின்னாலேயே இறங்கி முழங்கால் நீரில் நின்றாள். நின்று, முகத்தை என் தோளில் சாய்த்துக்கொண்டாள். அந்தக் கனமும் வெதுவெதுப்பான மூச்சும்! ஓர் உயிர் என்னை முழுதாக நம்பிவிட்டது என்று அழுதேன். கரையில் நின்ற அத்தான் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

கோயம்புத்தூர்ப் பக்கம் நடந்த போட்டியில் முதல் சுற்றில் பவளத்தைப் பாராட்டாதவர்கள் இல்லை. இரண்டாம் சுற்றில், நாங்கள் எத்தனையோ முறை தாண்டிப் பழகிய உயரத்தில் ஒரு மரக்கட்டை. அவள் ஓடினாள். ஆனால் காலைத் தூக்க வேண்டிய கணத்தில் தூக்கத்தில் நடப்பவளைப் போல அதன்மேலேயே மோதினாள். என் தோள்பக்கத்துக் காறை எலும்பு முறிந்தது. பவளத்தின் முன்னங்கால் மூட்டுத் தசைநார் கிழிந்தது. அவ்வளவு அடிபட்டும் அவள் துள்ளவில்லை, கனைக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் போட்டி மருத்துவருக்குச் சந்தேகம் வந்து இரத்தம் எடுத்தார்.

இரத்தத்தில் மயக்க மருந்து இருந்தது. விசாரணைக்கு என்னையும் அத்தானையும் அழைத்தார்கள். கையைக் கட்டுப்போட்டுத் தொங்கவிட்டபடி, கலப்படச் சரக்காக இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அத்தான் எழுந்தார். "நான் கடைக்காரன் சார். எனக்கு என்ன தெரியும்? தீனி வைக்கது, பொடி கலக்குறது எல்லாம் இந்தப் பிள்ளைதான். வேணும்னா அதுகிட்டயே கேளுங்க." கேட்டார்கள். என் கையால்தான் வைத்தேன் என்றேன். அது உண்மைதானே! போட்டிகளில் கலந்துகொள்ள எனக்குத் தடை விதித்தார்கள்.

திரும்பும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினார். கிளாஸை என் இடது கையில் கொடுத்துவிட்டு, வெயிலைப் பற்றிப் பேசுவதுபோலச் சொன்னார். "மாத்திரையப் பொடிச்சு நான்தான் கலந்தேன். மதுரைக்காரர் ஒருத்தரு குதிர கேட்டிருந்தாரு. போட்டியில பாத்துட்டு வாங்குதேன்னாரு. மெரளுத குதிரைய எவன் வாங்குவான்? போட்டிக்குக் குடுத்த டப்பாவுல அளவு செத்த கூடிப்போச்சு."

விற்கப்போகிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அதைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

"ஓடைக்குக் கூட்டிப்போன அன்னைக்குமா, அத்தான்?"

அவர் டீயை ஊதினார். "அன்னைக்குந்தான். அந்தப் படத்ததான அவருக்கு அனுப்புனேன்."

அக்காவிடம் சொன்னேன். "கேஸு, கீஸுன்னு போயிராத ஏட்டி. அவரு இல்லாட்டி எனக்குன்னு யாரு இருக்கா?" என்றாள். நான் எங்கும் போகவில்லை. மதுரைக்காரர் வரவில்லை. நொண்டும் குதிரைக்குத் தீனி போட அத்தானுக்கு மனமில்லை. பவளத்தை நான் ஓட்டிவந்து ஒரு மாந்தோப்பில் கட்டினேன். பொடி நின்ற சில நாட்களிலேயே அவளுக்குப் பழைய நடுக்கம் திரும்பியது. என்னைக் கண்டும் மிரண்டாள். என்னை அவளுக்கு உண்மையில் தெரியவே தெரியாது என்று அப்போது புரிந்தது. என்மேல் வந்த தடையைவிட, ஊர்ப் பேச்சைவிட, அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. முதலிலிருந்து தொடங்கினோம். இன்றும் நான் கை நீட்டினால் சில நாள் வருவாள், சில நாள் வரமாட்டாள்.

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஓர் உறவுக்காரக் கல்யாணம். பந்தியில் அத்தான் என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார். ஒன்றுமே நடக்காததுபோல, தன் இலையிலிருந்த ஜாங்கிரியை எடுத்து என் இலையில் வைத்தார். எனக்குப் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"பவளம் எப்படி இருக்கா?"

"நல்லாப் பயப்படுதா அத்தான்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, ரசம் கொண்டுவந்தவரைக் கைகாட்டி அழைத்தார். நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.