வெள்ளை ஏர் ஃப்ரையரில் வெந்த பெரிய கறி

போன வருடம் ஒஸ்லோவில் முதல் பனி விழுந்த வாரம் நடந்தது இது. அங்கே புருசெத் என்ற பகுதியில் ஒரு இலங்கைத் தமிழ் அக்காவின் வீட்டில், கீழ்த்தளத்து அறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். வேலை ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில். சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். வயது முப்பத்திரண்டாகியும் எனக்கு இன்னும் புத்தி வரவில்லை என்பதற்கு இந்தக் கதையே சாட்சி.

முதலில் அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. கணவர் இறந்து நாலு வருடமாகிறது, ஒரே மகள் பெர்கனில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை விரதம், மற்ற நாளில் மீனும் கோழியும் உண்டு. மாடு மட்டும் அந்த வீட்டு வாசலைத் தாண்டியதே இல்லை.

அறை பார்க்கப் போன அன்றே, "மச்சம் சாப்பிடுவீரோ?" என்று கேட்டார். நான் பேந்தப் பேந்த விழித்தேன். அசைவத்தைத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள் என்று அவரே விளக்கினார். "சிக்கன், மீன் எல்லாம் சாப்பிடுவேன்க்கா" என்றேன். அத்தோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம் இல்லையா? கேட்காமலே, "மாடெல்லாம் கையால தொடக்கூட மாட்டேன்" என்று ஒரு பிட்டைச் சேர்த்துப் போட்டேன்.

பச்சைப் பொய். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் பெரிய கறிதான். மாட்டுக்கறியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோர்த்து, மொட்டை மாடியில் அம்மா காயப்போடும் உப்புக்கண்டத்துக்காக நான் பரீட்சையையே மறந்திருக்கிறேன். ஆனால் காலேஜ் லேடீஸ் ஹாஸ்டலில் ஆரம்பித்த பழக்கம், யாராவது என்ன சாப்பிடுவாய் என்று கேட்டால் நாக்கு தானாகவே "சிக்கன்" என்று சொல்லிவிடும். அதுவும் ஒஸ்லோவில் நல்ல வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் அந்தப் பொய்யைப் பற்றி அன்று எனக்குப் பெரிய உறுத்தலும் இல்லை.

அந்தப் பனி வாரத்தில் அக்கா மகளைப் பார்க்க பெர்கன் கிளம்பினார். சாவியை என்னிடம் கொடுத்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். என் அறையில் இரண்டு மின் அடுப்பு மட்டும்தான், ஓவன் கிடையாது. "மேலை குசினியிலை ஏர் ஃப்ரையர் இருக்கு, தேவையெண்டால் எடுத்துப் பாவியும்" என்று, சமையலறையில் இருப்பதைப் பயன்படுத்திக்கொள்ளும்படி, அவரே சொல்லிவிட்டுத்தான் போனார். இதை நான் நன்றாக அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு நான் பிடித்துத் தொங்கியதெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

இதற்கிடையில் ஆபீஸில் ஒரு அயர்லாந்துக்காரர் என் ஆசையைக் கிளப்பிவிட்டார். அவர்கள் ஊரில் மாட்டின் நெஞ்சுக்கறியை உப்புத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்துத்தான் சமைப்பார்களாம். இங்கேயே கடையில் பாக்கெட்டில் கிடைக்கிறது, ஏர் ஃப்ரையரில் வைத்தால் பஞ்சு மாதிரி வரும் என்றார். உப்பு ஏற்றிய மாட்டுக்கறி! எனக்கு அம்மாவின் மொட்டை மாடி கண்ணில் வந்துவிட்டது. அன்று சாயங்காலமே ஒரு துண்டு வாங்கிவந்தேன்.

மேலே குசினிக்குப் போனால் ஏர் ஃப்ரையர் ஒன்று அல்ல, இரண்டு இருந்தன. மேடை மேல் ஒரு கறுப்பு, எண்ணெய்ப் பிசுக்கு ஏறி மீன் நாற்றம் அடித்தது. அலமாரிக்குள் ஒரு வெள்ளை, துணி போட்டு மூடி, அன்றுதான் வாங்கியது போல இருந்தது. என் அறிவு எப்படி வேலை செய்தது பாருங்கள். கறுப்பில் வைத்தால் என் கறியில் மீன் வாடை ஏறிவிடுமே என்று வெள்ளையை எடுத்தேன்.

சமையலை மட்டும் குறை சொல்ல முடியாது. ராத்திரி முழுக்கக் கறியைத் தண்ணீரில் போட்டு, இரண்டு தடவை தண்ணீர் மாற்றி உப்பைக் குறைத்தேன். கூடைக்குள் அடங்கவில்லை என்று இரண்டாக வெட்டினேன். கொஞ்சம் தண்ணீர் விட்டு அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றி, குறைந்த சூட்டில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் விட்டேன். பிறகு தாளைப் பிரித்து, மிளகும் தனியாவும் இடித்து, கொஞ்சம் தேன் குழைத்து மேலே பூசி, சூட்டைக் கூட்டிப் பத்து நிமிடம். மேல்புறம் மொறுமொறு, உள்ளே விரல் பட்டால் நார் நாராகப் பிரிந்தது. நின்றுகொண்டே பாதியைத் தின்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது, சத்தியமாக.

பிறகு கூடையை மூன்று தடவை சோப்புப் போட்டுத் தேய்த்து, எலுமிச்சம்பழத்தால் துடைத்து, துணியை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தேன். ஜன்னல்களைத் திறந்துவிட்டுக் குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாருக்கும் தெரியாது என்று நிம்மதி.

அக்கா வியாழக்கிழமை வந்தார். "சனிக்கிழமை இவரின்ரை திவசம், நீரும் சாப்பிட வாரும்" என்றார். ஒத்தாசையாக இருக்குமே என்று காலையிலேயே மேலே போனேன். அவர் குளித்து, ஈரத் தலையில் துண்டு கட்டிக்கொண்டு நின்றார். கணவரின் படத்துக்கு முன்னால் தமிழ்க் கடையில் வாங்கிய வாழையிலை. அடுப்பில் நாலைந்து சைவக் கறிகள். மேடை மேல் அந்த வெள்ளை ஏர் ஃப்ரையர், அதற்குள் பருப்பு வடை.

எண்ணெயில் பொரித்தால் புகைக்கு அலாரம் கத்துகிறது, டாக்டரும் எண்ணெய் வேண்டாம் என்கிறார், அதனால்தான் இந்த மெஷின் என்று அக்கா சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போனார். இது சைவத்துக்கு மட்டுமாம். கறுப்பு மச்சத்துக்காம். இதற்குள் ஒரு முட்டைகூட இதுவரை போனதில்லையாம்.

பாத்ரூம் போகிறேன் என்று போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். மூன்று தடவை கழுவினேனே, போதாதா? அவரேதானே எடுத்துக்கொள் என்றார்? நான் சொல்லாவிட்டால் இந்த உலகத்தில் யாருக்குத் தெரியப்போகிறது? சொன்னால் மாட்டோடு சேர்த்துப் பொய்யும் வெளியே வரும். வீடு போகும். வீடு போனாலும் பரவாயில்லை, காய்ச்சல் வந்தபோது ரசத்தோடு கீழே இறங்கி வந்த மனுஷி என் முகத்தில் முழிக்க மாட்டாரே. ஆனால் சொல்லாமல் விட்டால், செத்துப்போன கணவருக்கு அவர் பார்த்துப் பார்த்துச் செய்கிற ஒரே காரியத்தை நான் அவருக்குத் தெரியாமலே கெடுத்தவளாவேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா என்றே தெரியவில்லை. நம்பிக்கை இல்லாத விஷயத்துக்கு ஏன் இப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு நிற்கிறேன் என்றும் புரியவில்லை.

வெளியே வந்தபோது அக்கா முதல் ஈடு வடையை எடுத்துத் தட்டில் வைத்து, இலைப்பக்கம் நடந்துகொண்டிருந்தார்.

"அக்கா, வைக்காதீங்க" என்று கத்திவிட்டேன்.

பிறகு எல்லாவற்றையும் கொட்டினேன். நான் மாடு சாப்பிடுவேன், சின்ன வயசிலிருந்தே சாப்பிடுவேன், போன வாரம் இதில்தான் வேகவைத்தேன், எனக்குத் தெரியாதுக்கா, மன்னிச்சிடுங்கக்கா. மூக்கும் கண்ணும் ஒன்றாக ஒழுகியது.

அக்கா தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றார். "இதிலையோ?" என்றார். தலையாட்டினேன். அவர் முகம் சிவந்தது. "நீர் என்ன தின்னிறது எண்டது உம்மடை விசயம். எனக்கு ஏன் பொய் சொன்னனீர்?"

காரணம் பழையது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு தோழி வீட்டுக்குப் போயிருந்தேன். மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று அவள் அம்மா கேட்டார், பெருமையாகச் சொன்னேன். நான் தண்ணீர் குடித்த டம்ளரை அவர் கழுவவில்லை. கொல்லைப்பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டார். டம்ளரை மட்டுமல்ல, அதன் பிறகு என்னையும் அந்தச் சமையல்கட்டுப் பக்கம் விடவில்லை. இதை எப்படி ஒரு திவச வீட்டில் நின்றுகொண்டு சொல்வது?

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. பிளக்கைப் பிடுங்கினார். மெஷினை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுபோய், பின்கதவைத் திறந்து, வெளியே பனி மேல் வைத்தார். வடைகளைச் சாப்பாட்டுக் குப்பைக்கான பச்சைப் பையில் கொட்டினார். மேடையை முழுக்கத் துடைத்தார். அவ்வளவுதான், அடுத்தது நான்தான் என்று நினைத்தேன். என் குளிர்க்கோட்டை எங்கே கழற்றி வைத்தேன் என்றுகூடக் கண்ணால் தேட ஆரம்பித்துவிட்டேன்.

அவர் நாற்காலி மேல் ஏறி, குளிக்கும்போது தலையில் மாட்டும் பிளாஸ்டிக் தொப்பியை எடுத்து, கூரையிலிருந்த புகை அலாரத்துக்கு மாட்டினார். கீழே இறங்கி, அலமாரியின் அடியிலிருந்து ஒரு இரும்புத் தாச்சியை இழுத்து அடுப்பில் வைத்து, ஒரு போத்தல் எண்ணெயை அப்படியே கவிழ்த்தார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர்? கையைக் கழுவிப்போட்டு வந்து வடையைத் தட்டும்."

நான் அசையவில்லை. "என் கையாலயா?" என்று கேட்டேன். நிஜமாகவே புரியவில்லை எனக்கு. கறியை வெட்டியது இந்தக் கை, மசாலா பூசியது இந்தக் கை, நின்றுகொண்டே தின்றதும் இந்தக் கைதான். மெஷின் வெறுமனே சூடாகியது, அவ்வளவே. மெஷின் வெளியே பனியில், நான் உள்ளே குசினியில். இது என்ன நியாயம்?

"பின்னை ஆற்றை கை? எனக்கு நேரம் போகுது" என்று, வேறு யார் கை என்பது போல எரிந்து விழுந்தார்.

கழுவினேன். சுடுதண்ணீரில் தோல் சிவக்கிற வரை கழுவினேன். உருட்டி, உள்ளங்கையில் வைத்துத் தட்டி, ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். அக்கா வாங்கி எண்ணெயில் போட்டார். என் வடைகள் ஒன்று வட்டம், ஒன்று கோணல். "தடிப்பாயிருக்கு, மெல்லிசாத் தட்டும்" என்றார் கோபம் குறையாத குரலில். குசினியெல்லாம் புகை, அலாரம் தொப்பி போட்டுக்கொண்டு சும்மா இருந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது, இரண்டையும் அடக்கிக்கொண்டேன்.

படத்துக்கு முன்னால் இலையில் சோறு, கறிகள், பாயாசம், ஓரத்தில் நான் தட்டிய வடை. அக்கா கும்பிட்டுவிட்டு அழுதார். நான் பின்னால் நின்றேன். பிறகு தரையில் எனக்கும் ஒரு இலை போட்டுப் பரிமாறினார். மறுசோறு வேண்டுமா என்று இரண்டு தடவை கேட்டார். நடந்ததைப் பற்றி அன்றும் பேசவில்லை, இன்றுவரையும் பேசவில்லை.

இரண்டு நாள் கழித்து வெள்ளை மெஷினைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி வந்தார். "இதை நீரே வைச்சிரும்" என்று வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அது பரிசா, தண்டனையா, இனி தன் குசினிப் பக்கம் அது வரக்கூடாது என்பதா? சத்தியமாகத் தெரியவில்லை. சில ஞாயிறுகளில் அதில் பெரிய கறி வைக்கிறேன். வாசனை ஏறும்போது மேலே ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்கும். அவ்வளவுதான், மறுநாள் வழக்கம்போல "சாப்பிட்டாச்சோ?" என்பார்.

அவர் அன்று என்னை மன்னித்தாரா, அவசரத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்று கூப்பிட்டாரா என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். கேட்டுவிடலாம்தான், வாய் வரவில்லை. எது தீட்டு எது தீட்டில்லை என்று அவர் எந்தக் கணக்கில் பிரித்தாரோ, அந்தக் கணக்கு எனக்குப் புரியப்போவதே இல்லை. ஆனால் பொய்யெல்லாம் உதிர்ந்து, நான் இன்னார் என்று முழுதாகத் தெரிந்த பிறகும், தன் கணவரின் இலையில் வைக்கிற வடையைத் தட்ட ஒருவர் என் கையைத்தான் கேட்டார் என்பது மட்டும் எனக்குத் தெரியும், அது இந்த ஆயுசுக்குப் போதும்.