தீவே சிரித்த பகடி

சபூராவின் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை என்று எங்கள் தீவில் சொல்வார்கள். அவள் கணவன் மீன்பிடித் தோணியில் வேலை பார்த்த காலத்தில், கரையில் நின்று அவள் போட்ட சத்தம் பவளத்திட்டைத் தாண்டிக் கேட்குமாம். அப்படிப்பட்டவள் கையில் ஊதாக் கட்சிக்காரர்கள் மைக்கையும் கொடுத்தார்கள். ஜனாதிபதிக்குச் சனி பிடித்தது அன்றுதான்.

பகலில் அவள் வேலை பலகாரம் சுடுவது. தேங்காயும் சூரைமீனும் பிசைந்து உருட்டி எண்ணெயில் போட்டால் தெருமுனை வரை மணக்கும். சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு ஹருகேவுக்குப் போவாள். ஹருகே என்றால் கட்சிக் கொட்டகைதான். மணல் தரை, தகரக் கூரை, சுவரெல்லாம் தலைவர் படம், உட்காரக் கயிற்று நாற்காலிகள். ஜனாதிபதியின் பச்சைக் கட்சிக்கான ஹருகே தெருவின் அந்தக் கோடியில் இருந்தது. அவர்கள் சபூராவின் பலகாரத்தை வாங்க மாட்டார்கள். வாசனையை மட்டும் ஓசியில் பிடித்துக்கொள்வார்கள்.

பலகாரம் தீர்ந்ததும் மைக்கைப் பிடிப்பாள். துறைமுகத்துக்கு ஜனாதிபதி வந்து ஒரே இடத்தில் இரண்டு முறை அடிக்கல் நாட்டியதைச் சொல்வாள். அந்தக் கல்லைத் தவிர துறைமுகத்தில் வேறு எதுவும் ஆழமாக இறங்கவில்லை என்பாள். ஊரே சிரிக்கும். அவளுடைய தங்கை நஹுலாவும் சிரிப்பாள், பச்சைக் கட்சிக்காரன் அத்ஹமைக் கட்டியவளாக இருந்தும். இரண்டு வீட்டுக்கும் ஒரே மதில், மதிலில் ஒரு சின்ன வாசல். சபூரா திரும்பி வந்ததும் நஹுலா அந்த வாசல் வழியாகவே தேநீர் கொண்டு வருவாள். உன் வாய்க்குப் பயந்துதான் ஜனாதிபதி இப்போதெல்லாம் தீவுப் பக்கமே வருவதில்லை என்று கிண்டல் செய்வாள்.

இரண்டு ரமலான் நோன்புக்கு முந்தி ஒரு சங்கதி நடந்தது. மறுபடி நிற்கப் போவதில்லை என்று ஜனாதிபதி அறிவித்தார். தன்னோடு ஆரம்பம் முதல் உழைத்தவர்கள் அத்தனை பேரையும் ஒதுக்கிவிட்டு, வேறு கட்சியிலிருந்து நேற்று வந்த ஒரு டாக்டரைக் கையைப் பிடித்து மேடையில் நிறுத்தி, இவர்தான் எனக்கு அடுத்து என்றார். அன்று சபூராவின் வாயில் ஒரு பகடி தானாக வந்து விழுந்தது. யோசித்துச் செய்ததில்லை. மைக்கைப் பிடித்ததும் வந்தது, அவ்வளவுதான்.

"தொட்டில் யாருது?" என்று கேட்டாள்.

பச்சைக் கட்சியுது என்றது கூட்டம்.

"பிள்ளை யாருது?"

ஊராருது என்றார்கள்.

"பெறாத வயித்துக்கு இரவல் புள்ள!" என்று முடித்தாள்.

கொட்டகை இடிந்து விழாதது அதிசயம். மறுநாளே அது அடுத்த தீவுக்குப் போனது. அந்த வாரத்துக்குள் தலைநகரில், முகம் தெரியாத ஆட்கள் எல்லாம் அதைக் கூவிக்கொண்டு ஊர்வலம் போவதைத் தொலைக்காட்சியில் பார்த்தாள். டாக்டருக்கு இரவல்பிள்ளை என்றே பெயர் நிலைத்துவிட்டது. சபூராவின் வாழ்நாளில் அவள் செய்த எதுவும் அவ்வளவு தூரம் போனதில்லை. பெருமையில் கால் தரையில் படவில்லை.

அதே வாரம் அத்ஹமுக்குத் துறைமுக மேற்பார்வை வேலை கிடைத்தது. அதே வாரம்தான் நஹுலா மதில் வாசலுக்குக் குறுக்கே மீன் காயவைக்கும் மூங்கில் தட்டியை இடுப்பளவு உயரத்தில் போட்டு வைத்தாள். தேநீர் நின்றது. பேச்சு நின்றது. பெருநாளன்றுகூட எதிரே வந்தால் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு போய்விடுவாள். சபூரா இரண்டையும் இரண்டையும் கூட்டிப் பார்த்தாள். புருஷனுக்குப் பதவி வந்ததும் தங்கைக்கு ரத்தம் மாறிவிட்டது என்று முடிவு கட்டினாள். பலகாரம் வாங்க வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். சொல்லிவிட்டு, எல்லோரும் போன பிறகு, அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். கூடப்பிறந்தது அந்த ஒருத்திதான்.

தேர்தல் வந்தது. முதல் சுற்றில் ஊதாக் கட்சித் தலைவர் மூன்றாவதாக வந்தார். அழுது முடிப்பதற்குள் இன்னொரு செய்தி. முதல் இரண்டு பேர் மோதும் இரண்டாம் சுற்றில் நம் ஆதரவு டாக்டருக்கே என்று தலைவர் அறிவித்துவிட்டார். இரண்டு பேரும் சிரித்தபடி கைகோர்த்து நின்ற படம் எல்லோருடைய கைப்பேசியிலும் வந்தது. சபூரா கைப்பேசியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். எப்படித் திருப்பினாலும் அதே இரண்டு பேர்தான்.

கிளைத் தலைவன் வஜ்தீ வீட்டுக்கே வந்தான். இளைஞன், நல்லவன், கட்சி எதைச் சொன்னாலும் காலையிலிருந்தே அதை நம்பியவனைப் போலப் பேசத் தெரிந்தவன். டாக்டர் நம் தீவுக்கே வருகிறார், இரண்டு கட்சியும் சேர்ந்து துறைமுகத்தில் கூட்டம், சபூராக்காதான் முதலில் பேச வேண்டும் என்றான்.

"நேத்து வரைக்கும் அந்தாளைத் திருடன்னு சொன்னேன். இன்னைக்கு என்னன்னு சொல்றது?"

"அனுபவசாலின்னு சொல்லுங்கக்கா."

அவன் சிரிக்கவில்லை. அவளுக்குத்தான் சிரிப்பதா, தட்டை அவன் தலையில் கவிழ்ப்பதா என்று புரியவில்லை. அப்படியென்றால் அடிக்கல்? அது ஜனாதிபதி போட்டது, டாக்டர் போட்டதில்லை என்றான் வஜ்தீ. அப்படியென்றால் ஜனாதிபதி இப்போது நமக்கு யார்? அதைத் தலைமை இன்னும் சொல்லவில்லை என்றான்.

அவள் ஒப்புக்கொள்ளாமலே இருந்திருப்பாள். ஆனால் பேச்சுக்கு நடுவில் ஒரு நினைப்பு வந்தது. இரண்டு கட்சியும் ஒன்றாகிவிட்டால் மதிலின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதானே. இனி நஹுலாவுக்கு முகத்தைத் திருப்பக் காரணம் என்ன இருக்கிறது? டாக்டராவது மண்ணாவது, தங்கை வரட்டும் என்று சரி சொல்லிவிட்டாள்.

அன்றைக்கே நஹுலாவுக்குப் பிடித்த மீன் அடை சுட்டு எடுத்துக்கொண்டு தட்டிக்கு இந்தப் பக்கம் போய் நின்றாள். நஹுலா முற்றத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"இனிமே நாம ஒரே கட்சிடி," என்றாள் சபூரா.

"அப்படியா," என்றாள் நஹுலா. துருவுவதை நிறுத்தவில்லை.

"இன்னும் உனக்கு என்ன கோபம்? உன் வீட்டுக்காரர் ஆளுக்குத்தான் நான் மேடையேறப் போறேன்."

"எனக்குக் கட்சியெல்லாம் கிடையாதுக்கா. இருந்ததும் இல்ல."

சபூரா அடையைத் தட்டியின் மேலேயே வைத்துவிட்டு வந்தாள். கட்சி இல்லையென்றால் கோபம் எதற்கு? பதவியா? பதவி வந்தால் கூடப்பிறந்தவள் கசப்பாளா? எப்படிப் போட்டுப் பார்த்தாலும் கணக்கு உதைத்தது. இந்த உலகத்தில் யார் யாருக்கு எதிரி என்று காலையில் ஒருவர் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. சாயங்காலம் பார்த்தபோது அடையைக் காகம் தின்றுகொண்டிருந்தது.

கூட்டத்தன்று தீவே துறைமுகத்தில் இருந்தது. பச்சைக் கொடியும் ஊதாக் கொடியும் ஒரே கம்பத்தில் கட்டியிருந்தார்கள். எது மேலே என்று ஒரு சண்டை நடந்து, பக்கத்தில் பக்கத்தில் என்று முடிந்திருந்தது. மேற்கே மேகம் திரண்டிருந்தாலும் யாரும் எழுந்து போகவில்லை. மேற்பார்வையாளர் மனைவி என்பதால் நஹுலாவை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். தங்கை இத்தனை பக்கத்தில் தன்னைப் பார்த்து உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று என்று சபூரா எண்ணிப் பார்த்தாள்.

சபூரா மைக்கைப் பிடித்து, வஜ்தீ சொல்லிக்கொடுத்தபடி டாக்டரின் அனுபவத்தைப் பற்றிப் பேசினாள். ஒருவரும் கைதட்டவில்லை. அவளுக்கே அவள் பேச்சு சப்பென்றிருந்தது. கூட்டத்தின் பின்பக்கமிருந்து யாரோ, பழசைச் சொல்லுங்கக்கா என்றார்கள். சிரிப்பு கிளம்பியது. பச்சைக் கட்சிக்காரர்களே சொல்லு சொல்லு என்றார்கள். அவள் திகைத்துப்போய் டாக்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

டாக்டர் நல்ல அரசியல்வாதி. எழுந்து வந்து மைக்கில் சொன்னார்: "சொல்லுங்க சகோதரி. நானும் காதாரக் கேட்கணும். இப்போ நான் உங்க வீட்டுப் பிள்ளையும்தானே."

தீவு ஆரவாரித்தது. இத்தனை நாள் திட்டியதையெல்லாம் இப்படிச் சிரித்தே கழுவிவிடலாம் போலிருக்கிறதே என்று சபூராவுக்குக் குழப்பத்திலும் ஒரு சந்தோஷம் வந்தது. நஹுலாவும் சிரிப்பாள் என்று நினைத்தாள். சிரிக்க வைக்கத்தான் தங்கையைப் பார்த்தபடியே ஆரம்பித்தாள்.

"தொட்டில் யாருது?"

பதில் வந்தது. நஹுலா சிரிக்கவில்லை. அவள் மடியில் இருந்த கைகள் இரண்டும் வயிற்றின் மேல் வந்து ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.

"பிள்ளை யாருது?"

பதில் வந்தது. அடுத்த வரியைச் சொல்ல சபூரா வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. அந்தக் கைகளை அவளுக்குத் தெரியும். அந்தப் பகடி பிறப்பதற்கு முன்னால், மாகாண ஆஸ்பத்திரிக் கட்டிலில் நஹுலா அதேபோலத்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். மூன்றாவது முறையாகத் தங்காமல் போன பிள்ளை. ரத்தம் தோய்ந்த துணியை வெளிக்குழாயில் அலசியது சபூராதான். இனி முயற்சி செய்யாதீர்கள் என்று டாக்டரம்மா சொன்னபோது பக்கத்தில் நின்றதும் சபூராதான். வேறு யாருக்கும் தெரியாததெல்லாம் அவளுக்குத் தெரியும்.

அவள் நிறுத்திவிட்டாள். ஆனால் அது நிற்கவில்லை. ஊருக்கே மனப்பாடமான வரி அது. பச்சையும் ஊதாவும் ஒரே குரலில், பெண்களும் குழந்தைகளும் கையை வீசி, அவளுக்காக முடித்து வைத்தார்கள்.

"பெறாத வயித்துக்கு இரவல் புள்ள!"

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். நஹுலா எழுந்து தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, அவசரப்படாமல், மணலில் நடந்து போனாள். சபூரா மைக்கை யார் கையில் கொடுத்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. மேடையிலிருந்து இறங்கி ஓடினாள். இறங்கும்போது வஜ்தீ, பிரமாதம்கா என்றான்.

அவள் வீட்டை அடைவதற்குள் தூறல் விழ ஆரம்பித்துவிட்டது. மதில் வாசலில் தட்டி குறுக்கே கிடந்தது. தட்டி நிறைய மீன்.

"நின்னுட்டிருக்காத, மீன் நனையுது. அந்தப் பக்கம் பிடி," என்றாள் நஹுலா உள்ளேயிருந்து வந்து.

இருவரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கித் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோனார்கள். சபூராவுக்கு மூச்சு வாங்கியது. தட்டியைக் கீழே வைக்கவும் தோன்றாமல் பிடித்துக்கொண்டே பேசினாள்.

"உன்னை நினைச்சுச் சொல்லலடி. சத்தியமா உன்னை நினைச்சு அதைச் சொல்லல."

"தெரியும்," என்றாள் நஹுலா. "நீ என்னை நினைக்கவே இல்ல. அதான்கா."

மழை வலுத்தது. துறைமுகத்தில் கூட்டம் கலையாமல் மறுபடி ஆரம்பத்திலிருந்து கேள்வி கேட்டு, பதில் சொல்லி, அந்த வரிக்கு வந்துகொண்டிருந்தது. கேள்வி கேட்ட குரல் வேறு யாருடையதோ. ஆனால் நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டியதும், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தியதும் அப்படியே சபூராதான். நஹுலா தட்டியின் தன் பக்கத்தைக் கீழே வைத்தாள். உட்காரு என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சபூரா தன் பக்கத்தைப் பிடித்தபடி நின்றிருந்தாள். சரிந்த தட்டியிலிருந்து மீன்கள் ஒவ்வொன்றாகத் தங்கையின் பக்கமாக வழுக்கி விழுந்தன.