சந்தனம் பூசிய டிஸ்க்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுதினால் யார் படிப்பார்கள்?

பாளையங்கோட்டையில் ஓர் அச்சகம். அங்கிருந்த பழைய சர்வரில் இடம் நிறைந்துவிட்டது. மலிவாகக் கிடைத்த இன்னொரு ஹார்டு டிஸ்க்கை, அங்கே கம்ப்யூட்டர் வேலை பார்த்த நான் கூடுதலாக மாட்ட வேண்டும். முதலாளி அண்ணாச்சி அதற்குச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்துக் கொடுத்தார். எது முதல் டிஸ்க், எது இரண்டாவது என்று சர்வருக்குத் தெரிய எப்படி மாட்ட வேண்டும் எனக் காட்டி, டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த படம் சந்தனத்துக்கு அடியில் போய்விட்டது. துடைத்தால் ஏசுவார் என்று குத்துமதிப்பாக மாட்டினேன்.

பக்கத்தில் தட்டச்சு செய்யும் சுடலை, "பாத்துச் செய்யிலே" என்றான்.

"நீ ஒத்த வெரலால தட்டுத வேலையப் பாருலே" என்று கேலி செய்தபடி, புதியது என்று நினைத்த டிஸ்க்கை அழித்தேன். அழிந்தது பழையது. அடுத்த வாரப் பரீட்சைக்குச் சுடலை ஒரு மாதமாக அடித்த வினாத்தாள்கள் எல்லாம் போயின. எப்படி மாறியது? எனக்குத் தலைகால் புரியவில்லை.

"விலை கம்மின்னு வாங்குனியள்லா அண்ணாச்சி, அந்த டிஸ்க்குதான் எல்லாத்தையும் தின்னுட்டு" என்று கூசாமல் சொன்னேன். அண்ணாச்சி நம்பிவிட்டார். சுடலை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முதல் கேள்வியிலிருந்து மறுபடியும் அடிக்க ஆரம்பித்தான்.

ஏசியிருந்தால்கூடப் புரிந்திருக்கும். அவன் ஏன் காட்டிக் கொடுக்கவில்லை என்பது இன்றுவரை பிடிபடவில்லை. மறுநாள் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏலே, நாந்தாம்லே அழிச்சேன்."

"நேத்தே தெரியும்லே, இந்தா, நீ கேள்விய வாசி, நான் அடிக்கேன்."