எழுத முடியாத டிஸ்கில் எழுதியிருந்த பெயர்

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவன் பேய் பிசாசை நம்ப ஆரம்பித்தால் பிழைப்பு நடக்குமா, சொல்லுங்கள். ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கம் பதினோரு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன், மெஷின் தானாக என்னமோ செய்கிறது என்று யாராவது வந்து நின்றால் எனக்கு எரிச்சல்தான் வரும், தானாக ஒரு மண்ணும் நடக்காது, நீ எதையாவது அமுக்கியிருப்பாய் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவேன். இதைக் கேட்டு முடித்ததும் நீங்களும் என்னிடம் அதையே திருப்பிச் சொல்லலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன தை மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட உட்காரும் நேரத்தில் ஏகாம்பரம் அண்ணன் போன் செய்தார். பட்டு நெசவு, வீட்டோடு மூன்று தறி, அதில் ஒன்றுக்கு மட்டும் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார். டிசைனைப் படித்து எந்த இழையை எப்போது தூக்க வேண்டும் என்று தறிக்குச் சொல்வதுதான் அந்தக் கம்ப்யூட்டரின் வேலை, அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவனே நான்தான். டிசைனில் ஒரு மாற்றம் செய்தால் சேவ் ஆக மாட்டேன் என்கிறதாம், கல்யாணப் புடவை தறியில் நிற்கிறதாம், ஒரே பேஜாராக இருக்கிறது ஜல்தியாக வா என்றார்.

பைக்கில் போகும்போதே எனக்கு வியாதி புரிந்துவிட்டது. கரண்டு பட்டென்று போய் வந்தால் டிஸ்கில் கோளாறு விழும், லினக்ஸ் அடுத்த முறை ஏறும்போது அதைப் பார்த்துவிட்டு, படிக்கலாம் ஆனால் எதையும் எழுதக் கூடாது என்று டிஸ்கைப் பூட்டிவிடும். அரை மணி நேர வேலை. எதற்கும் இருக்கட்டும் என்று பிரிக்காத புது டிஸ்க் ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டேன்.

என்ன மாற்றம் செய்ய வேண்டும் என்று கேட்டேன். அண்ணன் இழுத்து இழுத்துத்தான் சொன்னார். இப்போதெல்லாம் முகூர்த்தப் புடவை முந்தானையில் பெண் மாப்பிள்ளை பெயரை அவரவர் கையெழுத்திலேயே நெய்து கேட்கிறார்கள், ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போட்டோ எடுத்து டிசைனில் சேர்த்துவிடலாம். ஆறு மாதத்துக்கு முன்னால் கலசப்பாக்கத்துப் பையன் மணிகண்டனும் இந்த ஊர்ப் பெண் கல்பனாவும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். புடவை முக்கால்வாசி ஓடி, முந்தானை மட்டும் பாக்கி இருந்தபோது மணிகண்டன் படவேடு ரோட்டில் பைக் விபத்தில் செத்துப்போனான். பிறகு பெரியவர்கள் பேசி, அவன் தம்பி சதீஷுக்கே கல்பனாவை நிச்சயம் செய்தார்கள். அது உலகத்தில் நடக்கிறதுதான். ஆனால் தறியில் ஏறின பாவு நூலைப் பாதியில் அறுப்பது ஏகாம்பரம் அண்ணன் வீட்டில் வழக்கமில்லை, செத்தவனுக்காக ஓடின புடவை வெள்ளை வேட்டி போர்த்தியபடி தறியிலேயே கிடந்தது. பட்டு வீணாக வேண்டாம், அதையே முடித்துவிடுங்கள், பெயரை மட்டும் மாற்றுங்கள் என்று மாப்பிள்ளையின் அப்பா சொல்லிவிட்டார். பெண் வீட்டில் புதுப் புடவை என்றே சொல்லியிருந்தார்கள்.

"பொண்ணுக்குத் தெரிஞ்சா அந்தப் பொடவைய தொடுமா தம்பி?" என்று அண்ணன் தாழ்ந்த குரலில் கேட்டார். "வர்ற ஞாயித்துக்கெழம முகூர்த்தம். இன்னா பண்றதுன்னே தெரியல."

அது உங்கள் விஷயம், நான் டிஸ்கைப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன். பென்டிரைவிலிருந்து கம்ப்யூட்டரை ஏற்றி, டிஸ்கைச் சோதித்து, இருந்த கோளாறை எல்லாம் சரி செய்து, எழுத வைத்தேன். மணிகண்டன் பெயரை எடுத்துவிட்டு சதீஷ் எழுதிக் கொடுத்ததைச் சேர்த்தேன், சேவ் ஆனது. ஆஃப் செய்து போட்டேன். மறுபடியும் பூட்டிக்கொண்டது, திறந்து பார்த்தால் அதே மணிகண்டன். சரி, எழுதினது டிஸ்கில் இறங்கவில்லை, இதெல்லாம் நடக்கும். ஒயரை மாற்றினேன், செட்டிங்கை வரி வரியாகப் பார்த்தேன், ஒரு தப்பும் இல்லை. இரண்டாவது முறையும் மணிகண்டன்தான். எனக்கு வீம்பு ஏறிவிட்டது. புது டிஸ்கைப் பிரித்து, லினக்ஸைப் புதிதாகப் போட்டு, மாற்றின டிசைனை மட்டும் அதில் ஏற்றினேன். மணிகண்டன் பெயர் அந்த டிஸ்குக்குள் போகவே இல்லை, இதைக் கவனமாகக் கேளுங்கள். ஆஃப் செய்து போட்டால் அதுவும் பூட்டிக்கொண்டது.

பிரித்து ஒரு மணி நேரம்கூட ஆகாத டிஸ்க்.

அந்த நேரத்தில் சதீஷ் வந்தான், புடவை என்ன ஆனது என்று கேட்க. அண்ணன் எல்லாருக்கும் டீ கொண்டுவந்தார். நான் கீபோர்டை விட்டு எழுந்து ஜன்னல் ஓரம் நின்று குடித்தேன். குடித்துவிட்டு வந்து டிசைனைத் திறந்தேன். சதீஷ் என்றுதான் இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன், அப்புறம்தான் பார்த்தேன், அது சதீஷ் எழுதிக் கொடுத்த எழுத்து இல்லை. அவன் எழுத்து கோழி கிளறின மாதிரி சாய்ந்து கிடக்கும். இது நிமிர்ந்த எழுத்து, புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் குட்டி வட்டம்.

சதீஷ் எனக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க அண்ணன் எழுத்துண்ணா இது," என்றான். "ஸ்கூல் நோட்டு அட்டையில எல்லாம் என் பேர அவன்தான் எழுதிக் குடுப்பான். இப்டிதான் வட்டம் போடுவான்."

அப்படியே தறிக் குழி ஓரமாகத் தரையில் உட்கார்ந்து அழுதான். நான் அந்த ஃபைல் எப்போது கடைசியாக எழுதப்பட்டது என்று பார்த்தேன். மூன்று பதினேழு. டிஸ்க் பூட்டிக்கொண்டது மூன்று மணிக்கு. மூன்று பதினேழுக்கு நான் கையில் டீ டம்ளரோடு ஜன்னல் ஓரம் நின்றிருந்தேன், வேறு யாரும் அந்தக் கீபோர்டைத் தொடவில்லை. எழுதவே முடியாத டிஸ்கில் எவனோ எழுதியிருந்தான். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள், எனக்கே நம்ப முடியவில்லை.

ஏகாம்பரம் அண்ணன் பாவு நூலை அறுத்துவிடலாம், பணம் போனால் போகட்டும் என்றார், அவர் வாயில் அந்தப் பேச்சு வந்து அன்றுதான் கேட்டேன். சதீஷ்தான் வேண்டாம் என்றான், எங்கள் அண்ணனே எழுதிக் கொடுத்திருக்கிறான், அப்படியே நெய்யுங்கள் என்றான். அவனுக்கு அது ஆசீர்வாதமாகத் தெரிந்தது. இருக்கலாம் என்று நானும் நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை புடவையை அறுத்து இறக்கினார்கள். கடையில் வைத்துச் சோதிக்கக் கம்ப்யூட்டரை எடுத்துவரப் போயிருந்த நான் முந்தானையைப் பார்த்தேன். சதீஷ், வட்டத்தோடு. பக்கத்தில் கல்பனா. அந்தப் பெயரில் நான் கையே வைக்கவில்லை, அவள் ஆறு மாதத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்தது அப்படியே இருக்க வேண்டும். ஆனால் அதிலும் 'ல்' மேல் குட்டி வட்டம். அவள் எழுதிய தாளின் போட்டோ, அண்ணன் அனுப்பினது, என் போனில் இருக்கிறது, அதில் வெறும் புள்ளிதான். இரண்டு பெயரையும் ஒரே கை எழுதியிருந்தது. வாழ்த்தி எழுதினானா, விட மாட்டேன் என்று எழுதினானா?

கல்பனா சித்தியோடு வந்து சேர்ந்தாள். மடியில் முந்தானையை விரித்து, விரலால் சதீஷ் பெயரைத் தடவினாள், தன் பெயரைத் தடவினாள், அந்த வட்டத்தில் விரல் நின்றது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், சித்தி பக்கத்தில் இருந்ததால் குனிந்து ஒயரைச் சுருட்டினேன். சித்தியும் அண்ணனும் ரவிக்கைத் துணியைப் பார்க்க உள்ளே போனதும் அவள் மெதுவாகச் சொன்னாள்.

"இது நான் எழுதினது இல்லண்ணா. சதீஷுகிட்ட சொல்லிடாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை அந்தப் புடவையோடுதான் அவள் கழுத்தில் தாலி ஏறியது. நான் போகவில்லை. சதீஷுக்குச் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை போனை எடுத்திருக்கிறேன், இன்றுவரை சொல்லவில்லை. பயந்துபோய் அவள் அப்படிச் சொல்லியிருந்தால்கூட எனக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்கும். அதைச் சொல்லும்போது அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.