மிளகாய் நெடிக்காத அடுப்பு

சிசிலியின் சியாகுல்லியில், மாண்டரின் தோட்டங்களுக்கு நடுவே தம்பி வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் குளிர்காலம் வந்தால் சுவரெல்லாம் ஈரம். மின்சார ஹீட்டரையும் சலவை மெஷினையும் ஒன்றாகப் போட்டால் கரண்ட் போய்விடும். அந்த வீட்டில் தம்பியின் பச்சைக் குழந்தை. நான் வேலை செய்யும் வீட்டுச் சின்யோரா தன் பழைய விறகு ஸ்தூஃபாவை எறியப் போகிறாள் என்றதும், வெட்கத்தை விட்டு எனக்குத் தாருங்கள் என்று கேட்டேன். இரும்பு உடம்பும் கண்ணாடிக் கதவும் உள்ள நல்ல அடுப்பு. தம்பி தோட்டத்து வண்டியில் ஏற்றி வந்தான்.

நான் கணவரை இழந்தவள், பிள்ளை இல்லாதவள். தம்பியை இத்தாலிக்கு எடுத்ததும் நான்தான், அவனுடைய வதிவிட பெர்மெஸ்ஸோவுக்காகக் குவெஸ்தூரா பொலிஸ் வரிசையில் கால் கடுக்க நின்றதும் நான்தான். அதற்குப் பதிலாக அந்த வீட்டின் சின்ன அறை எனக்குக் கிடைத்தது. மாலையில் குழந்தை என் மடியில் தூங்கும். அதன் உச்சந்தலை மணத்துக்காகவே நான் நாள் முழுக்க மற்றவர்கள் வீட்டுக் கழிவறைகளைத் தேய்த்தேன் என்று சொன்னால் பொய்யில்லை.

அடுப்புக் குழாயை ஜன்னல் வழியாக வெளியே நீட்டிவிடலாம் என்றான் தம்பி.

"புகை வெளியிலை போனால் சரிதானே அக்கா?"

"பிள்ளையைக் கொல்லப் போறியோ?" என்று கத்தினேன். தொழில் தெரிந்த ஒரு சிசிலிக்காரரை நானே தேடிக் கூட்டிவந்தேன். அவர் குசினிச் சுவரிலிருந்த பழைய புகைக்கூட்டைத் துப்பரவாக்கி, பறவைக் கூடொன்றையும் உடைந்த செங்கற்களையும் அள்ளி எடுத்தார். கூரையிலிருந்து துருப்பிடிக்காத குழாயை உள்ளே இறக்கி, கூரை முகட்டுக்கு மேலே உயர்த்தி மூடி வைத்தார். அடுப்பைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தி, கீழே தகடு போட்டு, பொருத்துகளை எல்லாம் சூடு தாங்கும் பசையால் அடைத்தார். நெருப்புக்குக் காற்று வேண்டுமென்று சுவரின் அடியில் ஒரு துளையும் போட்டார். கடைசியில் நான் கொடுத்த ஊதுபத்தியை அடுப்பு வாயில் பிடித்தார். புகை முழுவதும் உள்ளே இழுபட்டுப் போனது.

"வீட்டுக்குள் துளி மணமும் வரக்கூடாது," என்றார். "வந்தால் உடனே அணைத்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள். மணக்கிற அடுப்பு தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும்."

வீடு சூடாகியது. ஆனால் குழந்தை அழத் தொடங்கியது. பால் குடிக்காமல், காலை மடக்கி மடக்கி வீரிட்டது. வயிற்றில் வாயு என்றார் டாக்டர். தம்பியின் மனைவிக்கு அது போதவில்லை. பழி போட அவளுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது.

செத்தல் மிளகாயும் உப்பும் முச்சந்தி மண்ணும் எடுத்துக் குழந்தையைச் சுற்றினாள். எங்கள் ஆட்களின் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். மிளகாய் நெருப்பில் நெடித்து இருமல் வந்தால் கண்ணூறு இல்லை. நெடிக்காவிட்டால் பொல்லாத கண். அவள் எல்லாவற்றையும் ஸ்தூஃபாவுக்குள் போட்டுக் கதவைச் சாத்தினாள். உப்பு வெடித்தது. மணம் இல்லை. எப்படி வரும்?

"பாத்தியளே," என்றாள் தம்பியிடம். "ஒரு பொட்டு நெடி இல்லை. வீட்டுக்குள்ளையே கிடக்குது கண்."

"புகைக்கூடு நல்லா இழுக்குது, அதுதான் நெடிக்கேல்லை," என்றேன்.

"நீங்கள் ஏன் மச்சாள் பதறுறியள்? நான் உங்கடை பேரைச் சொன்னனானோ?"

தம்பி எங்களுக்கு முதுகைக் காட்டி விறகை அடுக்கிக்கொண்டிருந்தான்.

அடுத்த நாள் நானே செத்தல் மிளகாய் எடுத்துக் குழந்தையைச் சுற்றி, காஸ் அடுப்பில் தாச்சியை வைத்துப் போட்டேன். நெடி வீட்டைத் தூக்கியது. எல்லோரும் இருமினோம். "இப்ப சொல்லும், எங்கை கண்ணூறு?" என்று கேட்டேன். குழந்தையும் இருமியது. அவள் அதைப் பறித்தெடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள்.

"மலடி என்ரை பிள்ளையைக் கொல்லப் பாக்கிறாள்!"

அப்போதுதான் தம்பிக்கு வாய் திறந்தது. "அக்கா, கொஞ்ச நாளைக்கு வேறை இடம் பாருங்கோ."

நகரத்துக்குள் கபோ சந்தைக்குப் பின்னால் ஒரு அறை எடுத்தேன். மீன்காரனின் கூவல்தான் எனக்குச் சுப்ரபாதம். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அடுத்த குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, சூரை மீன் வாங்க வந்த தம்பி என்னைக் கண்டு சிரித்தான்.

"அக்கா, இனி நீங்கள் வீட்டை வரலாம். அவள்தான் சொல்லச் சொன்னவள். பிள்ளை நடக்கிறான்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என்ன திடீரென்று, என்று கேட்டேன்.

"நேத்தும் மிளகாய் போட்டவள். ஸ்தூஃபாக் கதவு சாத்தித்தான் கிடந்தது, ஆனால் வீடு முழுக்க நெடி. எல்லாரும் இருமினம். கண்ணூறு கழிஞ்சிட்டுதெண்டு அவளுக்கு வலு சந்தோசம்."

கையிலிருந்த கத்தரிக்காய்ப் பையைத் தரையில் வைத்தேன்.

"என்ன விறகு எரிக்கிறாய்?"

"தோட்டத்திலை வெட்டின மாண்டரின் கொப்புதான். பச்சை. எண்டாலும் எரியுது."

"புகைக்கூட்டைத் துப்பரவாக்கினியோ?"

இல்லை என்று தலையாட்டினான். பச்சை விறகின் கரி குழாயை அடைத்திருக்கிறது. புகை திரும்பி வீட்டுக்குள் வருகிறது. அந்த வீட்டில்தான் பிள்ளை படுக்கிறான். "இண்டைக்கு அடுப்பை மூட்டாதே," என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்து அந்தச் சிசிலிக்காரரின் நம்பரைத் தேடினேன். தம்பி என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அக்கா, கொஞ்சம் பொறுங்கோ. அந்தாள் வந்து துப்பரவாக்கினால் பிறகு நெடிக்காது. அவள் திரும்பவும் போட்டுப் பாப்பாள். உங்களை வர விடமாட்டாள்."

"அப்ப உனக்குத் தெரியும்," என்றேன். "அண்டைக்கே தெரியும், என்ரை கண்ணில்லை, புகைக்கூடுதான் எண்டு."

அவனை நான் தூக்கி வளர்த்தவள். அந்த இடத்திலேயே அறைய வேண்டும் போலிருந்தது. கையை உதறி விடுவித்துக்கொண்டேன்.

மறுமுனையில் அந்த மனிதர் எடுத்தார். வீட்டில் பிள்ளை இருக்கிறது, இன்றைக்கே கூரையில் ஏறுங்கள் என்றேன். ஏறினார். அடுப்பு மூட்டியதும் அவள் மிளகாயும் போட்டிருப்பாள், நெடித்திருக்காது. நான் அந்தப் பிள்ளையைப் பிறகு பார்க்கவில்லை.